பாஸ்டன் கார்டன்: குத்துச்சண்டைக்குக் கட்டி, கூடைப்பந்தால் பேர்பெற்ற அரங்கம் – ஒரு மதிப்பீடு

1928 நவம்பர் 17-ல் திறந்து, 1995 செப்டம்பரில் மூடி, 1998-ல் இடித்து முடித்த கட்டடம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து விளையாட்டரங்கமான பாஸ்டன் கார்டன். இல்லாத கட்டடத்தை மதிப்பிடுவதில் பயன் இருக்கிறது. அதன் பெயரோடு இன்று நிற்கும் டிடி கார்டனில் ஆட்டம் பார்க்க டிக்கெட் எடுக்கிறவர்கள், அதே கட்டடத்துக்குள் இருக்கும் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், பழைய தளத்தின் துண்டு என்று இணையத்தில் ஏலம் விடப்படும் மரத்துண்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் எல்லாருமே பழைய கார்டனின் பேருக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். அது எதில் கெட்டி, எதில் மோசம் என்று தெரிந்தால்தான் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று எடைபோட முடியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்வையாளருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைத்ததில் அந்த அரங்கத்துக்கு ஈடாக இன்றைக்கும் ஒன்று கட்டப்படவில்லை. காற்று, மின்சாரம், இருக்கை, உடை மாற்றும் அறை என்று மற்ற எல்லாவற்றிலும் அது தோற்றது. நல்லதும் கெட்டதும் ஒரே முடிவிலிருந்து வந்தவை: அதைக் குத்துச்சண்டைக்காகக் கட்டினார்கள்.

கட்டியவர் டெக்ஸ் ரிக்கார்ட். அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகப்பெரிய குத்துச்சண்டை ஏற்பாட்டாளர். நியூயார்க்கில் 1925-ல் மூன்றாவது மேடிசன் ஸ்கொயர் கார்டனை எழுப்பியவரும் அவர்தான். அதே மாதிரி அரங்கங்களை வேறு நகரங்களிலும் கட்டும் திட்டம் வைத்திருந்தார். 1929 ஜனவரியில் அவர் இறந்துவிட்டதால் பாஸ்டனில் மட்டுமே அது நிறைவேறியது. முதலில் வைத்த பெயர் ‘பாஸ்டன் மேடிசன் ஸ்கொயர் கார்டன்’. வாய்க்கு நீளமாக இருந்ததால் சீக்கிரமே சுருங்கிவிட்டது. திறப்பு விழா நிகழ்ச்சியும் குத்துச்சண்டைதான்; மூன்று நாள் கழித்துத்தான் முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம். கூடைப்பந்துக்கு அப்போது அங்கே இடமே யோசிக்கப்படவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணி பிறந்ததே 1946-ல்.

குத்துச்சண்டை மேடை ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 அடி. கூடைப்பந்துக் களம் 94 அடிக்கு 50 அடி. நடுவில் இருக்கும் ஒரு சின்னச் சதுரத்தைச் சுற்றி ஆட்களை நெருக்கி உட்காரவைக்க வேண்டும், சண்டை போடுகிறவரின் நெற்றி வியர்வை தெரிய வேண்டும் என்பது ரிக்கார்டின் எண்ணம். அதனால் பால்கனிகளைப் பின்னால் தள்ளி உயர்த்தாமல், களத்தின் மேல் கவிந்து நிற்கும்படி முன்னால் இழுத்துக் கட்டினார்கள். பால்கனி முன்வரிசையில் கிடைத்த பார்வை அபாரம்: கூடையை ஏறக்குறைய மேலிருந்து பார்க்கலாம்; ஐந்து ஆட்டக்காரர்கள் எப்படி இடம் மாறுகிறார்கள் என்பது வரைபடம் போலத் தெரியும். சத்தமும் கூரைக்கும் பால்கனிக்கும் நடுவே அடைபட்டு அப்படியே களத்தில் இறங்கும்.

இதற்கு விலை தூண்கள். முன்னால் இழுத்த பால்கனியைத் தாங்க எஃகுத் தூண்கள் வேண்டும். அவை இருக்கைகளுக்கு நடுவிலேயே நின்றன. தூணுக்குப் பின்னால் அகப்பட்டவருக்கு ஒரு கூடை முழுசாக மறையும். மேல் பால்கனி முன்னால் நீண்டிருந்ததால் கீழே பின்வரிசையில் இருந்தவர்களுக்கு, உயரப் போகும் பந்தும் நடுவில் தொங்கும் ஸ்கோர் பலகையும் மறைந்துவிடும். அப்படிப்பட்ட இருக்கைகளையும் விற்கத்தான் செய்தார்கள். லோஜ், ப்ரோமனேட், ஸ்டேடியம், முதல் பால்கனி, இரண்டாம் பால்கனி என்று அடுக்குகளுக்குப் பெயர். அடுக்கின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தவர் ஏமாந்தார். வரிசை எண்ணையும் தூண் எங்கே என்பதையும் தெரிந்து எடுத்தவருக்கு, குறைந்த விலையில் அரங்கத்தின் தலைசிறந்த இடம் கிடைத்தது. கூடைப்பந்துக்கு 14,890 பேர், ஹாக்கிக்கு 14,448 பேர் என்பது கடைசிக் காலக் கொள்ளளவு.

ஹாக்கிக்கு இன்னொரு குறை. அமெரிக்க–கனடிய தொழில்முறை லீக்கில் ஐஸ் களத்தின் அளவு 200 அடிக்கு 85 அடி. கார்டனில் 191 அடிக்கு 83 அடிதான் இருந்தது. ஒன்பது அடி குறைந்தால் என்ன என்று தோன்றும். வேகமாகச் சறுக்கி வரும் அணிக்குத் திரும்பவும் யோசிக்கவும் இடம் குறைகிறது. முட்டி மோதி ஆடும் அணிக்குச் சாதகம். ஊரின் ஹாக்கி அணியான பாஸ்டன் ப்ரூயின்ஸ் பல பத்தாண்டுகள் முரட்டு ஆட்டத்தை வளர்த்துக்கொண்டதில் அந்த ஒன்பது அடிக்கும் பங்கு உண்டு.

இனி தளம். கார்டன் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது அந்தக் கட்டம் போட்ட ஓக் மரத் தளம்தான். அதை அழகுக்காகச் செய்யவில்லை. 1946-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நல்ல நீளமான மரப்பலகைக்குத் தட்டுப்பாடு. கிடைத்தது சிவப்பு ஓக் மரத்தின் துண்டு துக்கடாக்கள். தரைவேலை செய்யும் டினட்டாலே நிறுவனம் அந்தச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துச் சதுரங்களாக்கியது. ஒரு சதுரத்தில் மர ரேகை நெடுக்காக ஓடினால் பக்கத்துச் சதுரத்தில் குறுக்காக ஓடும்படி மாற்றி மாற்றி அடுக்கினார்கள். செலவு 11,000 டாலர். முதலில் அது விரிக்கப்பட்டது கார்டனில் இல்லை, செல்டிக்ஸ் அப்போது ஆடிய பாஸ்டன் அரீனாவில். 1952-ல்தான் கார்டனுக்கு வந்தது.

அளவுகளைப் பார்த்தால் வேலைப்பாடு புரியும். 5 அடிக்கு 5 அடி பலகைகள் மொத்தம் 247. கனம் ஒன்றரை அங்குலம். 988 போல்ட்டுகள், அதாவது பலகைக்கு நான்கு என்ற கணக்கு. 247 பலகைகளின் பரப்பு 6,175 சதுர அடி. களத்துக்கு 4,700 சதுர அடி போதும். மிச்சம், கோட்டுக்கு வெளியே ஓடி நிற்கவும் பெஞ்ச் போடவும்.

ரேகையை மாற்றி மாற்றி வைத்ததில் ஒரு நன்மை தானாக வந்தது. மரம் ஈரத்தில் ஊதுவது ரேகைக்குக் குறுக்கே; நெடுக்காக அது ஏறக்குறைய அசையாது. எல்லாப் பலகையும் ஒரே திசையில் இருந்தால் 50 அடி அகலத்துக்கும் ஊதல் சேர்ந்து ஓரிடத்தில் தளம் தூக்கிக்கொள்ளும். இங்கே சின்னச் சின்னக் கட்டங்களில் இரு திசையிலும் பிரிந்துவிடுவதால் எங்கேயும் பெரிதாகப் புடைக்காது. அடியில் ஐஸ் தளம், மேலே சூடான கூட்டம் என்று இருபக்கமும் இழுபட்ட மரம் அரை நூற்றாண்டு தாங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

கெட்டதும் அந்த அமைப்பிலேயே இருந்தது. ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் ஒரே இடம் என்பதால் ஐஸை உருக்கிவிட முடியாது. அதன் மேல் குளிரைத் தடுக்கும் மூடுபலகையைப் பரப்பி, அதன் மேல் 247 பலகைகளையும் ஒவ்வொன்றாக அடுக்கி, 988 போல்ட்டையும் இறுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒரு பருவத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது போல்ட் துளை தேயும், பலகை ஓரம் உடையும், அடியில் மூடுபலகை சமமாக உட்காராது. அப்படி இடைவெளி விழுந்த இடத்தில் பந்தைத் தட்டினால், பந்துக்குத் திரும்பி வர வேண்டிய விசையைப் பலகை தானே வாங்கிக்கொண்டு அசையும். பந்து இடுப்பு வரை வராமல் முழங்காலோடு நின்றுவிடும். ‘செத்த இடங்கள்’ என்று பேர்வாங்கியவை இவைதான். செல்டிக்ஸ் ஆட்டக்காரர்களுக்கு அந்த இடங்கள் அத்துப்படி, எதிரணியை வேண்டுமென்றே அங்கே ஓட்டிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. செத்த இடம் இருந்தது நிஜம். ஆனால் பலகையைக் கழற்றி மறுபடி பூட்டும்போதெல்லாம் போல்ட்டின் இறுக்கமும் அடிப்பரப்பின் சமனும் மாறும் என்பதால், நேற்று செத்த இடம் இன்று சரியாக இருக்கலாம். மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள் என்ற கதையை முழுசாக ஏற்க முடியாது. எதிரணியின் மனதில் அந்தக் கதை போட்ட பயம்தான் கூடுதல் வேலை செய்தது.

தளத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கூடைப் பலகை. செல்டிக்ஸ் சொந்த ஊரில் ஆடிய முதல் ஆட்டம் 1946 நவம்பர் 5, பாஸ்டன் அரீனாவில். ஆட்டம் தொடங்கும் முன்பே செல்டிக்ஸ் ஆட்டக்காரர் சக் கானர்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுக் கண்ணாடிப் பலகை நொறுங்கியது. காரணம் சின்னது: வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்க வேண்டிய ரப்பர் துண்டை வைக்காமல் மாட்டியிருந்தார்கள். இரும்பு நேராகக் கண்ணாடியை அழுத்தியது. மாற்றுப் பலகையைக் கார்டனிலிருந்து கொண்டுவந்து மாட்டும் வரை கூட்டம் காத்திருந்தது. ஊர் மைதானத்தில் கண்ணாடிப் பலகை மாட்டுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் பார்க்க வேண்டியது இந்த ரப்பரைத்தான்.

வெக்கைக்கு வருவோம். கார்டனில் கடைசி வரை ஏசி கிடையாது. பனிக்காலத்து ஹாக்கிக்கும் குத்துச்சண்டைக்கும் கட்டிய இடம் என்பதால் 1928-ல் யாருக்கும் அது குறையாகத் தெரிந்திருக்காது. சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டங்கள் ஜூன் வரை நீண்டபோது நிலைமை கைமீறியது. 1984 ஜூன் 8, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியோடு ஐந்தாவது இறுதி ஆட்டம்; உள்ளே 97 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 36 டிகிரி செல்சியஸ். வெளியில் 36 டிகிரி நம் ஊரில் சாதாரணம். மூடிய கூரைக்குள், சுமார் பதினைந்தாயிரம் பேரின் உடல் சூட்டில், காற்று நகராமல், ஓடி ஓடி ஆட வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் பெஞ்சில் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். நடுவர் ஹியூ எவன்ஸ் உடலில் நீர் வற்றியதால் பாதியில் விலகினார். செல்டிக்ஸின் லாரி பேர்டு மட்டும் 20 முறை எறிந்து 15 முறை கூடையில் போட்டு, 34 புள்ளி, 17 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). செல்டிக்ஸ் 121–103 என்று ஜெயித்தது. புழுக்கம் இரண்டு அணிக்கும் பொதுதான். பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் அது ஒன்றாக இருக்கவில்லை. வந்த அணிகளின் உடை மாற்றும் அறை இன்னும் நெருக்கம், இன்னும் சூடு என்ற புகார் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

ஹாக்கிக்கு இதே வெக்கை வேறு விதமாகக் கெடுத்தது. சூடான ஈரக்காற்று ஐஸ் மேல் படிந்தால் மூடுபனி எழும். ஆட்டக்காரர்களே சுற்றிச் சுற்றிச் சறுக்கி அதைக் கலைப்பார்கள். 1988 மே 24, எட்மண்டன் ஆயிலர்ஸோடு இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம் 3–3 என்று நின்றபோது மின்சார ஸ்விட்ச் பழுதாகி அரங்கமே இருண்டது. ஆட்டத்தைக் கைவிட்டு, எட்மண்டனில் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. அங்கே ஆயிலர்ஸ் ஜெயித்து கோப்பையை எடுத்துக்கொண்டது. அறுபது வருடப் பழைய மின்னிணைப்பின் மேல் தொலைக்காட்சி விளக்கு, கேமரா என்று சுமையை ஏற்றிக்கொண்டே போனால் இது நடக்கத்தான் செய்யும். கார்டனைப் பூசி மெழுகிக் காப்பாற்றியிருக்கலாம் என்று வாதாடுகிறவர்கள் இந்த இரவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆட்டக்களம் தரைமட்டத்தில் இல்லை; நார்த் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தின் தலைக்கு மேல். ரயிலில் இறங்கியவர் மழையில் நனையாமல் நேராக மேலே போகலாம் என்பது பெரிய வசதி. சர்க்கஸ் வந்தால் யானைகளைச் சரிவுப் பாதையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பொருள் ஏற்றி இறக்குவதும் அதே வழிதான் என்பதால் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவே வேலை இழுத்தது.

இவ்வளவு குறையோடும் அந்த இடத்தின் பேர் உயர்ந்தது நெருக்கத்தால். 1957-லிருந்து 1969 வரை பதின்மூன்று பருவத்தில் செல்டிக்ஸுக்குப் பதினோரு பட்டம், ஆட்டக்காரர் பில் ரஸ்ஸலோடு. ஆனால் அந்தப் பொற்காலத்தில்கூடப் பல இரவு அரங்கம் நிறையவில்லை. எப்போதும் நிரம்பி வழிந்தது என்பது பிற்காலத்து நினைப்பு. கூட்டம் தவறாமல் திரண்டது 1980-களில், லாரி பேர்டு வந்தபின். 1985–86 பருவத்தில் செல்டிக்ஸ் சொந்தக் களத்தில் 40 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 1986 ஏப்ரல் 20-ல் மைக்கேல் ஜோர்டன் அங்கே 63 புள்ளி எடுத்தும், இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பிறகு அவருடைய சிகாகோ அணி 135–131 என்று தோற்றது. களத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்பே இல்லாததில் ஆபத்தும் இருந்தது: 1976 ஜூன் 4, ஃபீனிக்ஸ் அணியோடு மூன்று கூடுதல் நேரம் போன இறுதி ஆட்டத்தில், நடுவே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் களத்தில் பாய்ந்தது, ஒரு ரசிகர் நடுவர் ரிச்சி பவர்ஸ் மேலேயே கை வைத்தார். ஆட்டத்தைத் தொடர களத்தைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. செல்டிக்ஸ் 128–126.

கடைசி செல்டிக்ஸ் ஆட்டம் 1995 மே 5. ஆர்லாண்டோ மேஜிக் 95–92 என்று ஜெயித்து அந்தப் பருவத்தை முடித்தது. செப்டம்பர் 30-ல் பின்னால் புதிய ஃப்ளீட் சென்டர் திறந்தது. இரண்டு கட்டடத்துக்கும் இடைவெளி ஒன்பதே அங்குலம். அதனால் மற்ற ஊர்களில் செய்தது போல வெடிவைத்து ஒரு நிமிடத்தில் சாய்க்க வழியில்லை. கூரையில் தொடங்கித் தூண் வரை மெல்ல மெல்லப் பிரித்தெடுத்தார்கள். அந்த இடம் பல வருடம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்து, இப்போது ‘ஹப் ஆன் காஸ்வே’ என்ற கடை–அலுவலகக் கட்டடமாக நிற்கிறது. ஃப்ளீட் சென்டர்தான் 2005-ல் டிடி பேங்க்நார்த் கார்டன், 2009-லிருந்து டிடி கார்டன்.

இன்று போகிறவர்களுக்கு. நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் வந்தால் அது நார்த் ஸ்டேஷனுக்குப் போகாது, சவுத் ஸ்டேஷனோடு நின்றுவிடும்; இரண்டுக்கும் நேரடி ரயில் இணைப்பு இல்லை. பேக் பே நிலையத்திலேயே இறங்கி ஆரஞ்சு லைன் மெட்ரோ பிடித்தால் நார்த் ஸ்டேஷன் வாசலில் இறங்கலாம். அருங்காட்சியகம் அரங்கத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கு நடைவழிகளில் இருக்கிறது. நிகழ்ச்சி உள்ள நாட்களில் நேரம் மாறும் என்பதால் அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பை விஷயத்தில் அரங்கத்தின் விதி கடுமை. சின்னக் கைப்பையைக்கூட அளவு பார்த்துத்தான் விடுகிறார்கள்.

உள்ளே மரத்தில் செதுக்கிய லாரி பேர்டு சிலை முன்னால்தான் எல்லாரும் நிற்கிறார்கள். அதைவிடப் பழைய கார்டனின் இருக்கைகளிடமும் ஹாக்கியில் தவறு செய்த ஆட்டக்காரரை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டியிடமும் அதிக நேரம் கொடுங்கள். இருக்கையின் அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்தாலே, மூன்று மணி நேரம் அதில் உட்கார்ந்தவர்களின் நிலை புரியும். வழிகாட்டியோடு போவது நல்லது. காட்சிப்பொருளுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்புகள் பெயரையும் ஆண்டையும் சொல்கின்றன, பொருள் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்வதில்லை. செல்டிக்ஸ் வரலாறு மட்டும் போதும் என்பவருக்கு ஹாக்கி, பேஸ்பால், மாரத்தான் பகுதிகள் நீளமாகத் தோன்றும்.

ஆட்டம் பார்க்க டிடி கார்டன்: தூண் இல்லை, குளிர்ச்சி உண்டு, 19,000-க்கும் மேல் இருக்கை. ஆனால் பால்கனி பழைய கார்டனைவிட வெகுதூரம் பின்னால். மேல் பால்கனியின் மூலை வரிசைக்குக் கொடுக்கும் பணத்துக்கு அதே அடுக்கில் நடுக்கோட்டை ஒட்டிய பின்வரிசை மேல். கீழே கட்டம் போட்ட தளத்தைப் பார்த்து அதுதான் பழைய தளம் என்று நினைக்க வேண்டாம். பழைய தளம் புதிய அரங்கத்துக்கு வந்து 1999 டிசம்பர் 22 வரைதான் ஓடியது. பிறகு வந்தது அதே வடிவத்தில் செய்த புதுத் தளம்.

பழைய தளத்தைத் துண்டு போட்டு நினைவுப் பொருளாக விற்றார்கள். மறுவிற்பனையில் வாங்குகிறவர் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பு ஓக் என்பதற்கு எளிய சோதனை உண்டு: ரேகை முடியும் வெட்டுமுகத்தில் நுண்துளைகள் திறந்தே இருக்கும், சின்னத் துண்டின் ஒரு முனையை சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் துளைகள் அடைபட்டிருப்பதால் வராது. மர வகை சரி என்று இது சொல்லுமே தவிர, கார்டன் தளம்தான் என்று சொல்லாது. முழுக் கனத்தில் விற்கும் துண்டானால் ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய சீவலை அட்டையில் ஒட்டி விற்பதும் உண்டு. வார்னிஷை உரசி மெருகேற்றாதீர்கள், பல பருவத்துப் பூச்சுதான் அதன் மதிப்பு. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊருக்குக் கொண்டுவந்தால் சட்டத்துக்குள் இறுக்கி ஒட்டிவிடக் கூடாது. ரேகைக்குக் குறுக்கே உள்ள இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு, பின்னாலிருந்து ஒரே ஒரு திருகில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே மரம் ஊதிச் சட்டம் மூலையில் பிளந்துவிடும்.